கன்றுத்தோலில் தங்கிய கடவுள்கள்: ஐஸ்லாந்துப் பயணக் குறிப்புகள்

செப்டம்பர் 17, 2025, புதன் – ரெய்க்யாவிக்

விமான நிலையத்திலிருந்து நகரம் வரைக்கும் வழியெல்லாம் உறைந்த எரிமலைக் குழம்பு. அதன்மேல் சாம்பல் பூத்த பச்சைப் பாசி. மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் அடித்தது. ஊரில் ஒருவர் கையிலும் குடை இல்லை. கொண்டுவந்தவர்களின் குடைகள் குப்பைத்தொட்டியில் கம்பி நீட்டிக்கொண்டு கிடந்தன. தலைமூடி வைத்த மழைக்கோட்டும் மேல்கால்சட்டையும் இருந்தால் போதும்.

தோர், ஓடின், லோகி என்று வட ஐரோப்பியப் புராணக் கடவுள்களைத் திரைப்படங்களில் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடவுள்களுக்கு எழுப்பிய பழைய கோயில் எதுவும் இங்கே நிற்கவில்லை. தேசிய அருங்காட்சியகத்தில் 6.7 செ.மீ. உயரத்தில் ஒரு வெண்கலப் பொம்மை இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, தாடியோடு, இரண்டு கையாலும் எதையோ பிடித்திருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 1000இல் செய்தது. கையில் இருப்பது சுத்தியல் என்றால் அது தோர். உருவமாகக் காண்பதற்கு அநேகமாக அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் எழுத்து. அதுவும் நாடு கிறிஸ்தவத்துக்கு மாறி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனபிறகு, கிறிஸ்தவர்களாகப் பிறந்து வளர்ந்தவர்கள் எழுதியது. ஆகவே இந்தக் கதைகளைத் தேடி வருகிறவர்கள் போகவேண்டிய இடங்கள் ஒரு நூலகம், ஒரு பேராயர் இருக்கை, மூன்று நான்கு பண்ணைகள். எங்கள் வழியும் அப்படித்தான் அமைந்தது.

சாப்பாடு: துறைமுகத்துப் பக்கம் 1937இலிருந்து நடக்கும் ஹாட்டாக் கடை. ஆட்டிறைச்சி கலந்த சாசேஜ், பச்சை வெங்காயம், மொறுமொறுவென்று பொரித்த வெங்காயம், கெட்சப், இனிப்புக் கடுகு, ரெமுலாட் சாஸ். "எல்லாம் போட்டு ஒன்று" என்று கேட்பதுதான் வழக்கம். 800 குரோனா அளவில் ஆகிறது. நூறு குரோனா இப்போது ஏறத்தாழ எழுபது ரூபாய். உட்கார்ந்து சாப்பிடும் கடையில் ஒரு கிண்ணம் ஆட்டிறைச்சி சூப்புக்கே மூவாயிரம் போய்விடும் என்பதால், இங்கே இது மலிவு.

செப்டம்பர் 18, வியாழன் – கையெழுத்துப் பிரதிகள்

பல்கலைக்கழகத்தை அடுத்து, தேசிய நூலகத்தின் பக்கத்தில், செப்புத் தகடு போர்த்திய நீள்வட்டக் கட்டடம். 2023 ஏப்ரலில் திறந்தார்கள், பெயர் எட்டா; இந்தக் கடவுள்களின் கதைகளைச் சொல்லும் பழைய நூல்களுக்கு வழங்கும் பெயர் அது. வெளிச்சுவரைச் சுற்றிப் பழைய ஏடுகளிலிருந்து எடுத்த வரிகள். ஆர்னி மாக்னுசன் ஆய்வு நிறுவனம் இதற்குள்தான் இருக்கிறது.

கண்காட்சி அறையில் வெளிச்சம் மிகக் குறைவு. தோலும் மையும் ஒளியில் கெடும். அதனால்தான் ஏடுகளை மாற்றி மாற்றி வைக்கிறார்கள். கண் பழகும்வரை நின்றுவிட்டுப் பிறகு பார்க்கத் தொடங்குவது நல்லது. அவசரப்பட்டு நடந்தவர்கள் பலர், தேடிவந்த ஏட்டைக் கவனிக்காமலே கடந்துபோனார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. கோடெக்ஸ் ரெகியஸ், அதாவது அரசரின் ஏடு, 19க்கு 13 செ.மீ. அளவுதான். பொன் பூச்சு இல்லை, படம் இல்லை. பழுப்பேறிய 45 தாள்கள். 1270 வாக்கில் ஒரே ஒருவர் எழுதியது. எழுதியவர் பெயர் தெரியாது.

இந்த 45 தாளுக்குள் 29 பாடல்கள். முதலில் வருவது வோலுஸ்பா. குறிசொல்லும் பெண்ணொருத்தி ஓடினிடம் உலகத்தின் தொடக்கத்தையும் முடிவையும் சொல்வது அது. சூரியன் கறுக்கும், நிலம் கடலில் மூழ்கும், விண்மீன்கள் உதிரும். பிறகு பூமி மறுபடி பச்சையாக மேலெழும், பிழைத்த தேவர்கள் புல்லில் பழைய பொற்காய்களைக் கண்டெடுப்பார்கள். அடுத்து ஹாவமால். ஓடின் வாயில் வைத்த அறிவுரைகள், 164 பாட்டு. இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை வேறு எந்தப் பழைய ஏட்டிலும் இல்லை. இந்த ஒரு ஏடு தொலைந்திருந்தால் வட ஐரோப்பியப் புராணத்தில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது. ஏற்கெனவே எட்டுத் தாள்கள் போய்விட்டன. சிகுர்த் என்ற வீரனின் கதை நடுவே அறுந்து நிற்கிறது. அதில் என்ன இருந்தது என்பதை வோல்சுங்கா சாகா என்ற உரைநடை நூலை வைத்துத்தான் ஓரளவு ஊகிக்கிறார்கள்.

ஏட்டின் முன்னால் நிற்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். இவை பாட்டுகள், ஆனால் அடி பிரித்து எழுதப்படவில்லை. வரி நிரம்ப நிரம்ப உரைநடையாகவே ஓடுகிறது. பாதிச் சொற்கள் சுருக்கக் குறிகள். தோல் விலை அப்படி. பக்கத்திலேயே பேசப்படும் ஃபிலாட்டேயார்போக் என்ற பெரிய ஏட்டில் 225 தாள். இரண்டு தாளுக்கு ஒரு கன்று என்று வைத்தால் 113 கன்றுகள். ஒரு பண்ணைக்கு அது எவ்வளவு பெரிய செலவு என்பதை மாடு வளர்த்தவர்கள் உடனே உணர்வார்கள்.

தயாரிப்பு முறையும் எளிதல்ல. தோலை ஊறவைத்து மயிரைத் தளர்த்த வேண்டும். மற்ற நாடுகளில் சுண்ணாம்பு நீர் போதும். சுண்ணாம்புக்கல் இல்லாத இந்தத் தீவில் அதற்கு வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. பிறகு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைக் கத்தியால் இருபுறமும் சுரண்ட வேண்டும். காயும்போது தோல் சுருங்கும், அதனால் கயிற்றை மீண்டும் மீண்டும் முறுக்க வேண்டும். கத்தி சற்று ஆழமாகப் பட்டால் சிறு கிழிசல், இழுவிசையில் அது வட்ட ஓட்டையாகிவிடும். அதைத் தூக்கி எறிய மாட்டார்கள். எழுதுபவர் ஓட்டையைச் சுற்றி எழுதிக்கொண்டு போவார். மைக்கு சோர்ட்டுலிங் என்ற தரையில் படரும் புதரைக் கொதிக்கவைத்து, வில்லோச் சுள்ளி சேர்த்து வற்றவைப்பார்கள். பதம் பார்க்க நகத்தில் ஒரு சொட்டு விடுவார்கள். பரவாமல் முத்தாக நின்றால் மை தயார்.

ஆர்னி மாக்னுசன் (1663–1730) தீவு முழுக்கப் பண்ணை பண்ணையாக அலைந்து இந்த ஏடுகளைச் சேர்த்தவர். அவர் கண்டெடுத்த சில தாள்கள் துணி வெட்டும் அளவுத் தோலாக மாறியிருந்தன. 1728இல் கோப்பன்ஹேகன் நகரம் எரிந்தபோது அவருடைய வீடும் எரிந்தது. கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி தப்பியது, அச்சு நூல்கள் போயின. அரசரின் ஏடு அவர் சேர்ப்பில் இல்லை, டென்மார்க் அரசரின் நூலகத்தில் இருந்தது. 1971 ஏப்ரல் 21 அன்று டேனிஷ் கடற்படைக் கப்பலில் அதுவும் ஃபிலாட்டேயார்போக்கும் இந்தத் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தன. ஆயிரக்கணக்கில் மக்கள் கூடி வரவேற்றார்கள். ஒரு நாடு இரண்டு புத்தகங்களை வரவேற்கத் துறைமுகத்தில் கூடியதை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

நூலகத்திலும் கடையிலும் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. 13ஆம் நூற்றாண்டில் இந்தக் கதைகளை உரைநடையில் எழுதிவைத்த ஸ்நோரி ஸ்டுர்லுசனை எடுத்துக்கொண்டால், ஸ்டுர்லுசன் என்றால் ஸ்டுர்லாவின் மகன், அவ்வளவுதான். அகர வரிசையில் ஸ்நோரி என்றே தேட வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி – திங்வெட்லிர்

காலை 6 டிகிரி, வெயில். குட்டைப் பிர்ச் மரங்கள் மஞ்சளாகவும் தரைப் புதர்கள் சிவப்பாகவும் மாறியிருந்தன. வாகன நிறுத்தத்துக்கு ஆயிரம் குரோனா. எல்லாம் அட்டை வழியாகத்தான்; காசு கொடுப்பவரை ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள்.

கி.பி. 930இலிருந்து நாட்டின் பொதுச்சபை கூடிய பள்ளத்தாக்கு இது. மேலே வருகையாளர் மையத்திலிருந்து இறங்கும் பாதை அல்மன்னகியாவ் என்ற பாறைப் பிளவுக்குள் செல்கிறது. இரண்டு பக்கமும் கருஞ்சுவர். கீழே கொடிக்கம்பம் நிற்கும் இடம் சட்டப்பாறை. அப்போது சட்டம் எழுதப்படவில்லை. சட்டமுரைப்பவர் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மூன்று ஆண்டில் முழுச் சட்டத்தையும் வாயால் சொல்லி முடிக்க வேண்டும்.

கி.பி. 1000 வாக்கில் இதே இடத்தில் நாடு இரண்டாகப் பிளக்கும் நிலை. ஒரு தரப்பு கிறிஸ்தவர்கள், மறு தரப்பு பழைய தேவர்களை வணங்கியவர்கள். தீர்ப்பைச் சட்டமுரைப்பவர் தோர்கெயிரிடம் விட்டார்கள். அவரே பழைய சமயத்தவர். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பகலும் இரவும் பேசாமல் படுத்திருந்துவிட்டு எழுந்து தீர்ப்புச் சொன்னார்: எல்லாரும் ஞானஸ்நானம் பெற வேண்டும், ஆனால் குதிரை இறைச்சி தின்னலாம், வேண்டாத குழந்தையை வெளியே விடும் வழக்கம் தொடரலாம், பழைய பலியைச் சாட்சி இல்லாமல் மறைவாகச் செய்யலாம். சில ஆண்டுகளில் இந்தச் சலுகைகள் நீக்கப்பட்டன. ஆரி தோர்கில்சன் என்ற பாதிரியார் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதைச் சுருக்கமாக எழுதிவைத்தார்.

இந்தத் தீர்ப்பில்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். மதம் வாளால் அல்ல, வழக்குத் தீர்ப்பாக மாறியது. தோற்றவர் என்று ஒருவரும் இல்லை. ஆகவே பழைய பாட்டுகளைப் பாடுவதை ஒரு குற்றமாக யாரும் பார்க்கவில்லை. பாதிரியாரின் வீட்டிலேயே ஓடின் கதை புழங்க முடிந்தது.

வழியில் லௌகார்வாட்ன் ஏரிக்கரை. அங்கே கம்பு ரொட்டியை மாவாகப் பாத்திரத்தில் மூடிக் கொதிமணலில் புதைத்து, 24 மணி நேரம் கழித்துத் தோண்டி எடுக்கிறார்கள். கருத்து, கேக்கின் ஈரத்தோடு, லேசான இனிப்பு. வெண்ணெய் தடவிச் சூடாகத் தின்ன வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ரொட்டியும் ஸ்கீர் என்ற கெட்டித் தயிரும்தான் பயணம் முழுக்கக் கைகொடுக்கும்.

இரவு ஒரு பண்ணைவீட்டில். காலணியை வாசலில் கழற்ற வேண்டும், இது நாடு முழுக்க உள்ள வழக்கம். வீட்டுக்கார அம்மா பெயர் கேட்கும் முன்பே நனைந்த கோட்டை வாங்கி அடுப்பறையில் தொங்கவிட்டார். ஹாவமாலின் மூன்றாம் பாட்டே இதுதான்: மலை தாண்டி முழங்கால் விறைத்து வந்தவனுக்கு வேண்டியது நெருப்பு, உணவு, உலர்ந்த துணி. நான்காம் பாட்டு தண்ணீரும் துண்டும் கொடு என்கிறது.

செப்டம்பர் 20, சனி – ஸ்கால்ஹோல்ட்

மூடுபனி. சாலையை மறித்து ஆடுகள். கோடை முழுக்க மலையில் விட்ட ஆடுகளைச் செப்டம்பரில்தான் ஓட்டி வருகிறார்கள். குதிரையில் வந்த பெண் கை காட்டினார். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் மரியாதை. ஹாரன் அடிக்கக் கூடாது.

1056இல் தொடங்கிய பேராயர் இருக்கை ஸ்கால்ஹோல்ட். இப்போதுள்ள வெள்ளைத் தேவாலயம் 1963இல் திறந்தது. உள்ளே பலிபீடத்தின் பின்சுவரில் நீனா டிரிக்வாடோட்டிர் செய்த மொசைக் கிறிஸ்து, ஈர மண்ணின் நிறத்தில். ஜன்னல்களில் கெர்துர் ஹெல்காடோட்டிரின் வண்ணக் கண்ணாடி. கீழறைக்குப் போகும் படியைத் தவறவிட வேண்டாம். 1211இல் இறந்த பேராயர் பால் யோன்சனின் கல் சவப்பெட்டி அங்கே இருக்கிறது, 1954இல் தோண்டியபோது கிடைத்தது. இந்தப் பாலின் தந்தைதான் சிறுவன் ஸ்நோரியை எடுத்து வளர்த்தவர்.

பயணத்தின் முக்கியக் காரணம் இன்னொரு பேராயர், பிரின்யோல்வுர் ஸ்வெயின்சன். 1639 முதல் 1674 வரை இங்கே இருந்தவர். ஆயிரம் குரோனா நோட்டில் உள்ள முகம் அவருடையதுதான். 1643இல் அரசரின் ஏடு அவர் கைக்கு வந்தது. அதுவரை ஏறத்தாழ முந்நூற்றெழுபது ஆண்டுகள் எந்த வீட்டில், யார் பெட்டியில் கிடந்தது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. தன் முத்திரை எழுத்தையும் ஆண்டையும் தாளில் எழுதினார். இந்தப் பாடல்களைத் தொகுத்தவர் அறிஞர் சைமுண்டுர் என்று நம்பினார். அது தவறு, ஆனாலும் நெடுங்காலம் நூலுக்குச் சைமுண்டுரின் எட்டா என்றே பெயர் நின்றது. 1662இல் அரசர் மூன்றாம் ஃபிரெடரிக்குக்கு அனுப்பிவைத்தார். ஸ்கால்ஹோல்டிலேயே அச்சிட அவர் எடுத்த முயற்சி நிறைவேறவில்லை, அச்சகம் வடக்கே ஹோலாரில் இருந்தது. அனுப்பியது இழப்புத்தான், ஆனால் இங்கேயே விட்டிருந்தால் ஈரமும் புகையும் என்ன செய்திருக்கும் என்பதையும் எண்ண வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை: இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் "ரெய்க்ஹோல்ட்" என்று ஒரு பெயர்ப்பலகை வரும். அது ஸ்நோரியின் ரெய்க்ஹோல்ட் அல்ல. இது தக்காளிக் கண்ணாடி வீடுகள் நிறைந்த சிற்றூர். ஸ்நோரியின் ஊர் மேற்கே போர்கார்ஃப்யோர்தூரில், இரண்டு மணி நேரத்துக்கும் மேலான ஓட்டம். வழிகாட்டிச் செயலி பக்கத்தில் உள்ளதையே முதலில் காட்டுகிறது. சாலையோரக் கடையில் காசு வாங்கிய பெண், ஸ்நோரியின் குளம் எங்கே என்று கேட்டு ஒவ்வொரு கோடையும் யாராவது வந்துவிடுகிறார்கள் என்று சொல்லி, தாளில் "518" என்று சாலை எண்ணை எழுதிக் கொடுத்தார். ஊர்ப் பெயரை நம்பாமல் சாலை எண்ணை நம்புங்கள்.

செப்டம்பர் 21, ஞாயிறு – ஒட்டி

காற்று. ஐஸ்லாந்தில் காரை நிறுத்தும்போது மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்திவிட்டு, ஒரு கையால் கதவைப் பிடித்தபடியே திறக்க வேண்டும். பின்னாலிருந்து அடிக்கும் காற்று கதவை முன்பக்கம் மடக்கிவிடும், கீல் வளைந்துபோகும். வாடகைக் காப்பீட்டில் இந்தச் சேதம் பெரும்பாலும் சேராது. தேவாலய வாசலில் எங்களுக்கு முன்னால் வந்த ஒருவரின் கதவு அப்படித்தான் போனது. மூன்று பேர் சேர்ந்து அதைக் கயிறால் கட்டிக் கொடுத்தார்கள், நன்றிக்குக்கூட நிற்கவில்லை.

ஹெட்லா ஊரைத் தாண்டித் தெற்கே திரும்பினால் ஒட்டி. 1924இல் கட்டிய சிறு மரத் தேவாலயம், புல்மேடு, தொலைவில் ஹெக்லா எரிமலை. பார்க்க அதிகமில்லை. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் நாட்டின் மிகச் சிறந்த கல்வி கிடைத்த வீடு இதுதான். ஐரோப்பாவில் படித்துத் திரும்பிய சைமுண்டுர் (1056–1133) இங்கே பாதிரியார். பிசாசைக் கடல்நாயாக மாற்றி அதன் முதுகில் ஏறிக் கடல் கடந்து, கரை நெருங்கியதும் சங்கீதப் புத்தகத்தால் அதன் தலையில் அடித்தார் என்பது அவரைப் பற்றிய நாட்டுக்கதை. அவருடைய பேரன் யோன் லோஃப்ட்சன், நிலத்தகராறு ஒன்றைத் தீர்க்கும் சமரசமாக, 1179இல் பிறந்த ஸ்நோரியைக் குழந்தையாக இருக்கும்போதே இங்கே கொண்டுவந்து வளர்த்தார்.

சிறுவன் இங்கே கற்றது லத்தீன் மட்டுமல்ல, பாட்டுக்கட்டும் தொழில். அரசவைப் பாட்டான டிரோட்க்வாட்டின் கணக்கைச் சொல்கிறேன்: எட்டு அடி, அடிக்குப் பெரும்பாலும் ஆறு அசை. இரண்டிரண்டு அடியை மோனை கட்டும். ஒற்றைப்படை அடியில் இரு இடங்களில் மோனை, இரட்டைப்படை அடியின் முதல் அசையில் அதே ஒலி. இதன்மேல் ஒவ்வொரு அடிக்குள்ளும் எதுகை. ஒற்றைப்படையில் மெய் மட்டும் ஒத்தால் போதும், இரட்டைப்படையில் உயிரும் மெய்யும் ஒக்க வேண்டும். இவ்வளவு இறுக்கமான யாப்பில் ஒரு சொல்லை மாற்றினாலும் பாட்டு உடையும். எழுத்து வருவதற்கு முன் பாடியவை சில நூறு ஆண்டுகள் பெரிதும் சிதையாமல் வாய்வழி வந்ததற்கு இந்த இறுக்கம்தான் காரணம். ஸ்நோரியும் பழைய பாட்டைச் சான்றாக ஏற்கலாம் என்பதற்கு இதே காரணத்தைச் சொல்கிறார்.

செப்டம்பர் 22, திங்கள் – போர்கார்னெஸ்

கடலடியே 5.8 கி.மீ. போகும் ஹ்வால்ஃப்யோர்தூர் சுரங்கம். 2018இலிருந்து கட்டணம் இல்லை. பெட்ரோல் லிட்டர் 300 குரோனா அளவில் இருந்தது.

ஊரின் பூங்காவில் ஒரு புதைமேடு. ஸ்கட்லாகிரிமுரும், கடலில் மூழ்கி இறந்த அவருடைய பேரன் போத்வாரும் அதில் கிடப்பதாகப் பழைய உரைநடைக் கதையான சாகா சொல்கிறது. ஊருக்கு வெளியே போர்க் பண்ணை, போத்வாரின் தந்தையான கவிஞர் எகில் வாழ்ந்த இடம். மகனைப் புதைத்துவிட்டு வந்த எகில் படுக்கையறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, சாகும்வரை உண்பதில்லை என்று படுத்துவிட்டார். மகள் தோர்கெர்துர் வந்து, "நானும் உங்களோடு சாகிறேன், அப்பா" என்று உள்ளே போனாள். எதையோ மென்றாள். என்ன என்று கேட்டார். கடற்பாசி, சீக்கிரம் சாக உதவும் என்றாள். அவரும் தின்றார். உப்பு, தாகம். தண்ணீர் கேட்டபோது கொம்பில் கொடுத்தாள், பெரிய மடக்காகக் குடித்தபிறகுதான் அது பால் என்று தெரிந்தது. விரதம் முறிந்தது. "இனி மகனுக்கு ஒரு பாட்டாவது கட்டுங்கள், பிறகு சாகலாம்" என்றாள். அவர் கட்டிய 25 பாட்டுதான் சோனாடோர்ரெக். கட்டக் கட்டத் தேறி, முடித்ததும் எழுந்து தன் இருக்கையில் போய் உட்கார்ந்தார். மகனைப் பறித்த கடல்தேவனை எதிர்த்து வாளெடுக்க முடியாததற்காக அழுகிறார். தன்னைக் கைவிட்ட ஓடினைச் சாடுகிறார். அதே ஓடின் கொடுத்த கவிதைதான் தனக்கு ஈடு என்று முடிக்கிறார். ஒரு மனிதன் அந்தத் தெய்வத்தோடு எப்படிப் பேசினான் என்பதை அறிய இதற்கு மேலான சான்றை நான் படித்ததில்லை.

அந்தக் கடற்பாசி இன்றும் கடையில் கிடைக்கிறது. சோல் என்று கேட்க வேண்டும். கருஞ்சிவப்பு, தோல் மாதிரி கெட்டி, நல்ல உப்பு. பக்கத்திலேயே காற்றில் உலர்த்திய கருவாடு, அதை வெண்ணெய் தடவிப் பச்சையாகவே தின்கிறார்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய் – ரெய்க்ஹோல்ட்

காலை முழுக்கச் சாரல், 7 டிகிரி. வழியில் டெயில்டார்டுங்குக்வேர்: விநாடிக்கு 180 லிட்டர், 97 டிகிரி கொதிநீர். வேலியைத் தாண்டக் கூடாது. ஆவி காற்றோடு திரும்பினால் கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஸ்நோரி 1206 வாக்கில் இங்கே குடியேறினார். இரண்டு முறை சட்டமுரைப்பவர். பணக்காரர், கூட்டணி மாற்றுபவர், சுற்றத்தோடே சண்டையிட்டவர். இந்த வீட்டில்தான் 1220களில் தன் எட்டாவை ஆக்கினார். அதை ஒரு புராண நூல் என்று நினைத்துப் படிப்பவர்கள் பாதியில் திகைத்துவிடுவார்கள். அது பாட்டுக்கட்டுவோருக்கான பாடநூல். நான்கு பகுதி. முன்னுரை, தேவர்களெல்லாம் டிராய் நகரிலிருந்து வந்த மனிதர்கள் என்று சொல்லித் திருச்சபைக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொள்கிறது. கில்வாகின்னிங்கில் கில்வி என்ற அரசன் கேள்வி கேட்கிறான், மூன்று சிம்மாசனத்தில் இருப்பவர்கள் உலகம் பிறந்ததிலிருந்து ரக்னரோக் என்ற உலக அழிவு வரை சொல்கிறார்கள். ஸ்கால்ட்ஸ்காபர்மால் கவிமொழி. கடைசியில் ஹாட்டாடால், 102 பாட்டில் யாப்பு வகைகள்.

மூன்றாம் பகுதிதான் நெஞ்சம். நம் நிகண்டு ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்துத் தருவதுபோல, அது கென்னிங்குகளை, அதாவது ஒரு பொருளைச் சுற்றிவளைத்துச் சொல்லும் கவிப்பெயர்களைத் தருகிறது. பொன்னுக்கு "சிவ்வின் கூந்தல்" என்று ஒரு பெயர். ஏன்? லோகி, தோரின் மனைவி சிவ்வின் கூந்தலை வெட்டிவிட்டான். தோர் அவன் எலும்பை முறிப்பேன் என்றதும், குள்ளர்களிடம் பொன்னால் கூந்தல் செய்து வாங்கிக் கொடுத்தான். "நீர்நாயின் ஈட்டுப்பணம்" என்றாலும் பொன்தான். தேவர்கள் கொன்ற நீர்நாய் ஒரு மனிதனின் மகன். ஈடாக அதன் தோலைப் பொன்னால் நிரப்பி வெளியேயும் மூட வேண்டியிருந்தது. ஒரு மீசைமயிர் மட்டும் தெரிய, ஓடின் தன் மோதிரத்தைக் கொடுத்து அதை மறைத்தார். கதை தெரியாவிட்டால் பாட்டு புரியாது. பாட்டு புரியாவிட்டால் முன்னோர் வரலாறே போய்விடும். இளம் கவிகள் இந்தக் கதைகளை மறந்துகொண்டிருந்தார்கள், அதனால் எழுதினார். வழிபாட்டுக்காக அல்ல. நம்ப வேண்டியதில்லை, ஆனால் அழித்துவிடவும் கூடாது என்று கவிகளுக்கு அவரே நூலுக்குள் சொல்கிறார். தோர் கதையும் ஓடினின் மகன் பால்டரின் சாவும் இன்று உலகம் முழுக்கத் தெரிவதற்கு அந்த ஒரு முடிவு காரணம்.

படிக்கத் தொடங்குகிறவர்கள் கில்வாகின்னிங்கை முதலில் படியுங்கள், பிறகு வோலுஸ்பா. மாற்றிச் செய்தால் பெயர்களில் மூழ்கிவிடுவீர்கள். ஸ்நோரி கதைகளை ஒழுங்குபடுத்தியவர் என்பதையும் மறக்க வேண்டாம். பாடல்களில் துண்டு துண்டாக, சில இடங்களில் முரணாக இருப்பவை அவரிடம் கோர்வையாக வருகின்றன. இன்னொன்று: உலகத்தைத் தாங்கும் யிக்ட்ராசில் ஓர் ஆஷ் மரம், பால்டரைக் கொன்றது புல்லுருவி. இரண்டும் ஐஸ்லாந்தில் இயற்கையாக வளராதவை. இந்த நினைவுகள் கடல் கடந்து வந்தவை என்பதற்கு இந்த மண்ணே சாட்சி.

தேவாலயத்துக்குப் பின்னால் ஸ்நோரியின் குளம். வட்டம், ஏறத்தாழ 4 மீட்டர் குறுக்களவு, வெந்நீர் ஊற்றிலிருந்து கல்வாய்க்கால் வழியே நீர் வருகிறது. பக்கத்தில் வீட்டுக்குப் போன சுரங்கவழியின் கதவு. இறங்கிக் குளிக்க அனுமதியில்லை.

அவர் கொலையுண்டதும் இதே தேதி. நார்வே அரசர் ஹாகோன் தடுத்தும் 1239இல் நாடு திரும்பினார். 1241 செப்டம்பர் 23 இரவில், முன்னாள் மருமகன் கிஸ்ஸுர் அரசரின் ஆணையோடு எழுபது பேரைக் கூட்டிவந்தான். ஸ்நோரி நிலவறைக்குள் ஒளிந்தார். ஐந்து பேர் இறங்கினார்கள். "வெட்டாதே" என்றார் ஸ்நோரி. "வெட்டு" என்றான் அவர்களில் ஒருவன். வெட்டினார்கள். அவருடைய அண்ணன் மகன் ஸ்டுர்லா தோர்தார்சன் ஒரு சொல் கூட்டாமல் இதை எழுதியிருக்கிறார். இருபது ஆண்டு கழித்து நாடே நார்வேக்குக் கீழே போனது.

செப்டம்பர் 25, வியாழன் – ஸ்டிக்கிஸ்ஹோல்முர், ஹெல்காஃபெட்ல்

ஃபிலாட்டே தீவுக்கு நேற்றுப் போகவேண்டிய படகு காற்றால் ரத்து. செப்டம்பரில் இது சகஜம், ஒருநாள் உபரி வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

ஆகவே ஊருக்குத் தெற்கே 73 மீட்டர் குன்றான ஹெல்காஃபெட்ல். தோரை வணங்கிய தோரோல்வுர் நார்வேயிலிருந்து வந்தபோது, தோர் உருவம் செதுக்கிய தூணைக் கடலில் விட்டு, அது ஒதுங்கிய முனையில் குடியேறினார் என்று எய்ர்பிக்யா சாகா சொல்கிறது. கழுவாத முகத்தோடு இந்தக் குன்றைப் பார்க்கவே கூடாது என்று விதித்தார். இறந்தபின் தன் குலத்தார் இதற்குள் வாழ்வார்கள் என்று நம்பினார். ஏறும்போது பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போனால் மூன்று வேண்டுதல் பலிக்கும் என்கிறார்கள். ஐரோப்பியக் குடும்பம் ஒன்று, நான்கு வயதுக் குழந்தை உட்பட, வாய் திறக்காமல் ஏறியது. பத்து நிமிடம் போதும். ஈரப்பாறை வழுக்கும், பிடிமானமுள்ள காலணி வேண்டும்.

மேலிருந்து வடியும் கடல் தெரிகிறது. ஐஸ்லாந்தில் ஏற்ற இறக்கம் மிகுதியான கடல் இந்தப் பிரெய்தாஃப்யோர்தூர் விரிகுடாதான். ஸ்நோரியின் கதையில் உட்கார்தா-லோகி என்ற அரக்க அரசனின் அரங்கில் தோர் ஒரு கொம்பை மூன்று மடக்கு குடிக்கிறார், மட்டம் சற்றே இறங்குகிறது, தோற்றுப்போனதாக வெட்கப்படுகிறார். மறுநாள்தான் சொல்கிறார்கள்: கொம்பின் மறுமுனை கடலில் இருந்தது, நீ குடித்ததுதான் இனி கடல் வற்றம்.

1184இல் ஒரு துறவிமடம் இந்தக் குன்றின் அடிக்கு வந்தது. 14ஆம் நூற்றாண்டில் நாட்டின் அழகான ஏடுகளில் சில இங்கே எழுதப்பட்டன. தோரின் குன்றடியிலேயே துறவிகள் அமர்ந்து கன்றுத்தோலில் எழுதியிருக்கிறார்கள்.

எதிரே கடலுக்குள் ஃபிலாட்டே. அந்தத் தீவின் யோன் ஃபின்சனிடம் இருந்த பெரிய ஏட்டுக்குப் பேராயர் பிரின்யோல்வுர் முதலில் பணமும் பிறகு நிலமும் தருவதாகச் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். பேராயர் புறப்படும்போது படகுத்துறைவரை வழியனுப்ப வந்தவர், அங்கே அதை இலவசமாகவே அவர் கையில் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. 113 கன்றுகளின் தோல் அது.